ஐந்து குட்டிகளோடு காட்டைக் கடப்பது

ஷெல்டர் கேமைத் திறந்ததும் ஒரு மண் வளைக்குள் இருப்பீர்கள். பேட்ஜர் என்னும் வளைக்கரடித் தாய் நீங்கள். நான்கு குட்டிகள் உங்களைச் சுற்றித் துள்ளிக்கொண்டிருக்கும். ஐந்தாவது குட்டி நிறம் வெளுத்துத் துவண்டு கிடக்கும். வளைக்குள்ளேயே ஒரு கிழங்கு கிடைக்கும். அதைக் கவ்விக் கொண்டுபோய் அந்தக் குட்டியின் மூக்கருகே போட்டால் தின்னும், உடம்பில் நிறம் ஏறும், எழுந்து மற்றவற்றோடு சேர்ந்துகொள்ளும்.

இதை வெறும் பயிற்சிக் கட்டமாக நினைத்து அவசரமாகத் தாண்டிப் போகிறவர்கள் பின்னால் கஷ்டப்படுகிறார்கள். கேம் முடியும்வரை நீங்கள் செய்யப்போகும் வேலை இதுதான். எந்தக் குட்டி வெளுத்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும், அதன் வாய்க்குச் சாப்பாடு போய்ச் சேர வேண்டும். கழுகு, இருட்டு, ஆறு, காட்டுத்தீ எல்லாம் வருகிறபோதும் இந்த வேலை நிற்பதில்லை.

ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரைச் சேர்ந்த மைட் அண்ட் டிலைட் என்ற சிறிய நிறுவனம் 2013 ஆகஸ்டில் இந்தக் கேமை வெளியிட்டது. துணித்துண்டுகளை ஒட்டித் தைத்ததுபோல் வண்ண வடிவங்களால் ஆன காடு அது. ஒரே மூச்சில் உட்கார்ந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். வசனம் இல்லை, கதை சொல்லும் குரல் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. குட்டிகளின் பசியைக் காட்டும் கோடுகூடத் திரையில் கிடையாது. கேம் விளையாடிப் பழகியவர்களுக்கு இதுதான் முதலில் தடுமாற்றம் தரும். திரையின் மூலையில் எதையோ தேடிப் பழகிய கண், இங்கே குட்டிகளின் உடம்பைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

பின்னால் பார்ப்பது

பெரும்பாலான கேம்களில் கேமரா முன்னால் பார்க்கும். எதிரி முன்னால் வருவான், வாசலும் பரிசும் முன்னால் இருக்கும். ஷெல்டரில் உங்களுக்கு வேண்டிய தகவல் எல்லாம் பின்னால் இருக்கிறது. தாய் நடக்க நடக்கக் குட்டிகள் தாமாகப் பின்தொடரும். பசியில் வாடியது கொஞ்சம் பின்தங்கும், அதன் நிறம் மங்கி வெளுக்கும். தாயின் முதுகையும் முன்னால் உள்ள புல்லையும் மட்டும் பார்த்துக்கொண்டு போனால் இது எதுவும் தெரியாது. ஒரு குட்டி எங்கோ நின்றுபோனது வெகுதூரம் போன பிறகுதான் உறைக்கும்.

ஆகவே, மவுஸோ கண்ட்ரோலரோ, கேமராவைத் திருப்பும் விரலைச் சும்மா விடாதீர்கள். ஒரு புதரைத் தாண்டினால் ஒரு திருப்பு, ஓடையைத் தாண்டினால் ஒரு திருப்பு. திருப்பும்போது ஐந்து தலைகளை எண்ணுங்கள். எண்ணுவது மட்டும் போதாது என்பது சீக்கிரமே புரியும். ஐந்தும் வருகின்றன, சரி, எது எந்த நிலையில் வருகிறது?

இங்கே ஒரு வசதி செய்து கொடுத்திருக்கிறார்கள். ஐந்து குட்டிகளின் மேல்தோலும் ஒன்றுபோல் இருக்காது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வடிவம். வளைக்குள் இருக்கும்போதே ஒரு நிமிடம் நின்று அவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள், பெயரும் வையுங்கள். என் அக்கா மகள் விளையாட உட்கார்ந்தபோது முதல் காரியமாக அதைத்தான் செய்தாள். பொட்டு, கோடு, சாம்பல் என்று முதுகைப் பார்த்து வைத்த பெயர்கள். அதன் பிறகு அவள் வாயிலிருந்து "ஒரு குட்டிக்குப் பசி" என்ற பேச்சே வரவில்லை. "கோடு ரொம்ப நேரமா சாப்பிடல சித்தி" என்றுதான் வந்தது. கடைசியாக யாருக்குக் கொடுத்தோம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

யாருக்கு முதலில்

தாய்க்கு இந்தக் கேமில் பசி கிடையாது. கிடைப்பதெல்லாம் குட்டிகளுக்கே. கேட்க எளிதாக இருக்கும், நடைமுறையில் இதுதான் கேமின் கடினமான பகுதி.

நீங்கள் வாயிலிருந்து போடும் உணவை அருகில் நிற்கும் குட்டி எடுத்துக்கொள்ளும். அருகில் நிற்பது எது? ஏற்கெனவே தின்று தெம்பாக இருக்கும் குட்டி. பந்திக்கு முந்துவது எப்போதும் வலுத்ததுதான். வெளுத்துப்போன குட்டி பின்னால் தள்ளாடி வருவதற்குள் சாப்பாடு முடிந்திருக்கும். கையில் கிடைத்ததை அங்கேயே போட்டுவிட்டு நகர்ந்தால், நீங்கள் அறியாமலே வலுத்தவற்றை மேலும் வலுப்படுத்தி மெலிந்ததைக் கைவிடுகிறீர்கள். யாரும் வேண்டுமென்று ஒரு குட்டியைப் பட்டினி போடுவதில்லை. கவனிக்காததால் நடக்கிறது. இந்தக் கேமில் குட்டிகள் சாகும் வழிகளில் என்னை மிகவும் வருத்துவது இதுதான், கழுகுகூட இல்லை.

உணவைக் கவ்வியதும் போட்டுவிடாதீர்கள். வாயில் வைத்துக்கொண்டே கேமராவைச் சுற்றி, எது மங்கியிருக்கிறது என்று பாருங்கள். தாயின் முகத்தை அந்தக் குட்டியின் பக்கம் திருப்பி, நேராக அதன் முன்னால் போய் நின்று, மூக்குக்கு நேரே போடுங்கள். மற்றவை மொய்த்துக்கொண்டு நின்றால் நாலடி நடந்து மறுபடி திரும்புங்கள். தாய் நகரும்போது குட்டிகளின் வரிசை கலையும், மெலிந்தது முன்னால் வர ஒரு இடைவெளி கிடைக்கும். அது தின்று நிறம் திரும்புவதைக் கண்ணால் பார்த்த பிறகு அடுத்த உணவைத் தேடுங்கள்.

என்னென்ன கிடைக்கும்

தரையில் இலைக்கொத்து நீட்டிக்கொண்டிருந்தால் அடியில் கிழங்கு இருக்கும். இழுத்தால் வந்துவிடும். ஆபத்தில்லாத சாப்பாடு, ஆகவே கண்ணில் பட்ட எதையும் விட்டுவிடாதீர்கள்.

ஆப்பிள் மரத்தை முட்ட வேண்டும். மெல்ல உரசினால் ஒன்றும் நடக்காது. சற்றுப் பின்வாங்கி, வேகமெடுத்து ஓடி அடிமரத்தில் மோதினால் பழம் விழும். விழுந்ததும் அடுத்த மரத்துக்கு ஓடாமல், வெளுத்த குட்டிக்கு ஒரு பழமாவது போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டு நகருங்கள்.

தவளையையும் எலியையும் துரத்திப் பிடிக்கலாம். துரத்தும் உற்சாகத்தில் குட்டிகளை விட்டு வெகுதூரம் போய்விடக் கூடாது, அவ்வளவுதான்.

நரிதான் பெரிய வேட்டை. நரியைக் கண்டதும் பாய்ந்தால் கிடைக்காது, அதற்குக் காதும் காலும் உங்களைவிடக் கூர்மை. உயரமான புல்லுக்குள் இறங்கி, ஓட்டத்தைக் கட்டுப்படுத்தி, மெல்ல நகர வேண்டும். அது நிமிர்ந்து பார்த்தால் நின்றுவிடுங்கள். தலையைத் தாழ்த்திய பிறகு மறுபடி நகருங்கள். போதிய அளவு நெருங்கிய பின்தான் பாய்ச்சல். பொறுமையில்லாதவர்கள் முதல் நரியையும் இரண்டாவது நரியையும் இழந்துவிட்டுத்தான் மூன்றாவதைப் பிடிக்கிறார்கள். பிடித்த பிறகு ஒரு கணம் சங்கடமாகக்கூட இருக்கலாம், ஏனென்றால் நரியும் அழகாகத்தான் வரையப்பட்டிருக்கிறது. அந்தச் சங்கடத்தை நான் குறையாக நினைக்கவில்லை. குட்டிகளைக் காப்பாற்ற நீங்கள் இன்னோர் உயிரைத் தின்னக் கொடுக்கிறீர்கள் என்பதைக் கேம் மறைப்பதில்லை.

நிஜக் காட்டில் இருக்கும் ஐரோப்பிய வளைக்கரடியின் பட்டியல் வேறு. மண்புழுதான் அதன் அன்றாடச் சோறு, அதோடு வண்டு, பழம், கிழங்கு. நரியைத் தேடிப்போய் வேட்டையாடுவது அதன் வழக்கமல்ல. சில இடங்களில் நரியும் வளைக்கரடியும் ஒரே வளைத்தொகுதியில் குடியிருப்பதுகூட உண்டு. நிஜ வளைக்கரடி பெரும்பாலும் இரவில்தான் வெளியே வரும். கண்பார்வை மந்தம், மோப்பமும் செவியும் கூர்மை. குட்டிகள் குளிர்காலக் கடைசியில் வளைக்குள் பிறந்து, எட்டு வாரம் கழித்து வசந்தத்தில்தான் வெளிச்சம் பார்க்கும். ஒரு ஈற்றில் இரண்டு மூன்று குட்டிகள் சாதாரணம், ஐந்து என்பது உச்சம். அந்த உச்சத்தைத்தான் கேம் எடுத்துக்கொண்டிருக்கிறது. மூன்று குட்டிகளாக இருந்திருந்தால் யாருக்கு முதலில் என்ற கேள்வி இவ்வளவு அழுத்தமாக விழுந்திருக்காது.

மேலே கழுகு

வெட்டவெளியில் போகும்போது வானத்தைப் பார்க்க வேண்டாம். காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள், தரையையும் கவனியுங்கள். கழுகின் கூவலும் தரையில் ஓடும் நிழலும்தான் எச்சரிக்கை. கேட்டவுடன் அருகில் உள்ள உயரமான புல்லுக்கோ மறைவுக்கோ போய்விட வேண்டும். கழுகு குறிவைப்பது வெளியில் நிற்கும் குட்டியை.

தாய் புல்லுக்குள் போய்விட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். முடியவில்லை. வரிசையில் கடைசியாக வரும் குட்டி இன்னும் வெளியில்தான் இருக்கும். அது யார்? பசியில் பின்தங்கியது. பசியையும் கழுகையும் தனித்தனி ஆபத்துகளாகப் பார்க்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான். வெட்டவெளிக்குள் கால் வைக்கும் முன்பே எல்லாக் குட்டிகளுக்கும் நிறம் இருக்க வேண்டும். புல் ஓரத்தில் நின்று ஊட்டி முடித்துவிட்டுக் கிளம்புங்கள். அடுத்த மறைவு எங்கே என்று பார்த்து வைத்துக்கொண்டு, ஒரு புல்திட்டிலிருந்து இன்னொன்றுக்கு ஒரே ஓட்டமாக ஓடுங்கள். புல்லுக்குள் போனதும் ஓரத்தில் நின்றுவிடாமல் நன்றாக உள்ளே தள்ளிப் போங்கள். அப்போதுதான் பின்னால் வருபவற்றுக்கும் மறைய இடம் இருக்கும். கழுகு கண்ணைவிட்டு மறைந்த உடனே வெளியே ஓடாமல் கூவல் அடங்கும்வரை காத்திருங்கள்.

இருட்டும் ஆறும் தீயும்

இரவுக் கட்டத்தை ஹெட்போன் இல்லாமல் விளையாட வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் வட்டம் சிறியது. எங்கிருந்தோ சட்டென்று ஒரு சத்தம் எழும், குட்டி ஒன்று மிரண்டு இருட்டுக்குள் ஓடிவிடும். அப்போது நீங்களும் மிரண்டு கண்டபடி ஓடினால் மீதிக் குட்டிகளும் கலையும். ஓடிய குட்டியின் குரல் எந்தப் பக்கம் கேட்கிறது என்று ஒரு நொடி நின்று கேளுங்கள், அந்தப் பக்கம் மட்டும் போங்கள். ஹெட்போனில் இடம் வலம் தெளிவாகப் பிரிந்து கேட்கும், டிவி ஸ்பீக்கரில் அது கிடைக்காது. குட்டி வந்து சேர்ந்ததும் மறுபடி எண்ணிவிட்டு நடங்கள். இருட்டிலேயே தங்கிவிட்ட குட்டி திரும்பாமல் போகலாம்.

ஆற்றுப் பகுதியில் வெள்ளம் அலையலையாக வரும். ஓர் அலை கடந்து அடுத்தது வருவதற்குள் மேட்டிலிருந்து மேட்டுக்குப் போய்விட வேண்டும். முதல் அலையை வேடிக்கை பார்ப்பதற்காகவே ஒதுக்குங்கள். எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை வருகிறது என்பது பிடிபட்டுவிடும். அலை கடந்த கையோடு கிளம்ப வேண்டும், ஏனென்றால் நேரத்தைக் கணக்கிட வேண்டியது தாயின் வேகத்தை வைத்து அல்ல, கடைசிக் குட்டி மேடேறும் நேரத்தை வைத்து.

தீக்கட்டத்துக்குப் பெரிய உத்தி எதுவும் கிடையாது. ஓட வேண்டும். ஆனாலும் கண்மூடி ஓடாமல், எரியாத வழி எது என்று பார்த்து ஓட வேண்டும். நின்று ஊட்ட நேரம் இருக்காது, அதனால் அமைதியான இடங்களில் ஊட்டியதுதான் இங்கே கைகொடுக்கும்.

ஒரு குட்டி போன பிறகு

இறந்த குட்டி அடுத்த கட்டத்தில் திரும்பி வராது. ஐந்தாக இருந்தது நான்காகவே தொடரும். உடனே கேமை மூடிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கத் தோன்றும். என் அபிப்பிராயம் உறுதியானது: முதல்முறை விளையாடும்போது அப்படிச் செய்யாதீர்கள். நான்கு குட்டிகளோடு தொடருங்கள். போன குட்டிக்கான இடம் வரிசையில் காலியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டே நடப்பது கஷ்டமாக இருக்கும். ஆனால் மீதி நான்கிற்கும் பசிக்கிறது, வெளுத்துக்கொண்டிருக்கின்றன. துக்கத்தோடு வேலையைத் தொடர்வது என்ன என்பதை இந்தக் கேம் உங்களை உணரவைக்கும் இடம் அது, அதைத் தாண்டிப் போனால் ஷெல்டரின் சாரமே கை நழுவிவிடும். ஐந்தையும் கரை சேர்க்கும் ஆசை இருந்தால் இரண்டாவது முறை விளையாடும்போது வைத்துக்கொள்ளலாம்.

குழந்தைகளோடு சேர்ந்து விளையாடுவதாக இருந்தால், குட்டிகள் இறக்கலாம் என்பதைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். படம் அழகாக இருப்பதால் பெரியவர்கள் சாதாரணமாகக் கொடுத்துவிடுகிறார்கள். சின்னப் பிள்ளைகளிடம் கண்ட்ரோலரைக் கொடுத்துவிட்டு எழுந்து போகாமல் பக்கத்திலேயே உட்காருங்கள். கேமின் முடிவையும் முன்கூட்டி அறிந்து வைத்திருப்பது பெரியவருக்கு நல்லது, அதை மட்டும் நான் இங்கே எழுதப்போவதில்லை.

லின்க்ஸும் நரியும்

ஷெல்டர் பிடித்துப்போனவர்களுக்கு அடுத்த படி, அதே நிறுவனம் 2015 மார்ச்சில் கொண்டுவந்த ஷெல்டர் 2. இதில் நீங்கள் லின்க்ஸ் என்னும் பெரிய காட்டுப்பூனை. சினையாக இருக்கும் தாய் இரவில் ஓநாய்களிடமிருந்து தப்பி ஒரு பொந்தை அடைந்து நான்கு குட்டிகளை ஈனுவதில் கேம் ஆரம்பிக்கிறது. குட்டிகளுக்குப் பெயர் வைக்கும் வேலையைக் கேமே உங்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

முதல் கேம் ஒற்றை வழியில் போகும், இது திறந்த வெளி. குட்டிகள் முதலில் பொந்துக்குள்ளேயே இருக்கும். நீங்கள் முயலைப் பிடித்துக் கொண்டுவந்து போட வேண்டும். எவ்வளவு தூரம் போகிறீர்களோ அவ்வளவு தூரம் திரும்பி வரவும் வேண்டும் என்பதை மறந்து, பனிவெளியில் முயல் பின்னால் அலைவது புதியவர்கள் செய்யும் வேலை. பொந்தைச் சுற்றியே வேட்டையாடுங்கள். வேகமான ஓட்டத்துக்கு மூச்சு கொஞ்ச நேரமே தாங்கும். முயலைத் தொலைவில் கண்டவுடன் ஓட ஆரம்பித்தால் எட்டிப் பிடிக்கும் இடத்தில் மூச்சு தீர்ந்து நிற்பீர்கள். நடந்தே நெருங்கி, கடைசித் துண்டில் மட்டும் ஓடுங்கள். மோப்ப உணர்வைத் தூண்டும் வசதி ஒன்று இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் உலகம் மங்கி இரை மட்டும் தனியாகத் தெரியும். நின்று பார்த்துவிட்டு நகரும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

குட்டிகள் வளர்ந்து உங்களோடு வர ஆரம்பித்ததும் கணக்கு மாறும். பருவங்கள் உருள உருள அவையும் வேட்டை பழகும். நிஜ லின்க்ஸ் குட்டிகள் மே, ஜூன் வாக்கில் பிறந்து அடுத்த ஆண்டு வசந்தத்தை ஒட்டித்தான் தாயைப் பிரிகின்றன. அந்தப் பத்து மாதக் கூட்டுவாழ்வின் சாயல் கேமில் நன்றாக வந்திருக்கிறது. ஓநாய்கள் அருகில் இருப்பது தெரிந்தால் கையில் இருக்கும் வேட்டையை விட்டுவிடுங்கள், முயல் இன்னொன்று கிடைக்கும். வளர்ந்த குட்டிகள் பிரிந்து போவதோடு உங்கள் ஆட்டம் நிறைவடையும். பிழைத்தவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அடுத்த தலைமுறைத் தாயாகத் தொடரலாம். வம்சம் ஒரு மரமாகக் கிளைத்துக்கொண்டு போகும்.

வேறொரு நிறுவனம் செய்தது எண்ட்லிங். பார்சிலோனாவின் ஹீரோபீட் ஸ்டுடியோஸ் உருவாக்கிய இந்தக் கேம் 2022 ஜூலையில் வெளிவந்தது, 2023இல் பாஃப்டா விருதும் பெற்றது. தாய் நரி, நான்கு குட்டிகள். இங்கே எதிரி பெரும்பாலும் மனிதன்: பொறி, துப்பாக்கி, வெட்டப்படும் காடு, குப்பை மேடு. குட்டிகளில் ஒன்றை ஒருவன் பிடித்துக்கொண்டு போய்விடுவான். மோப்பம் பிடித்து அதைத் தேடுவதும் மீதி மூன்றைக் காப்பதும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்.

எண்ட்லிங்கில் பொழுதுதான் கண்டிப்பான எஜமான். இரவில் கிளம்பி, விடிவதற்குள் பொந்துக்குத் திரும்பிவிட வேண்டும். காணாமல்போன குட்டியின் மோப்பம் கிடைத்தால் மனம் அந்தப் பக்கமே ஓடும். இரவின் முதல் பாதியைப் பசிக்கு ஒதுக்குங்கள், தடம் பிடிப்பது அதன் பிறகு. வரைபடத்தில் பொந்துக்குத் திரும்பும் தூரத்தைப் பார்த்து, வானம் வெளுக்கத் தொடங்கும் முன்பே முகத்தைத் திருப்புங்கள். மேடேறவும் தோண்டவும் குட்டிகள் கற்றுக்கொள்ள வாய்ப்புக் கிடைக்கும் இடங்களில் அவசரப்படுத்தாமல் நில்லுங்கள், தாயால் எட்ட முடியாத இரையைப் பின்னால் அவையே எடுத்துத் தரும். ஊரும் காடும் நாளுக்கு நாள் மாறிக்கொண்டே போவதால் நேற்றுப் பாதுகாப்பாக இருந்த வழியில் இன்று பொறி இருக்கலாம். பழகிய பாதை என்று ஓடாமல், ஒவ்வொரு இரவும் புதிதாகப் பார்த்து நடங்கள்.